பதினைந்தாவது கோடு

காலை நாலே முக்காலுக்கு பகாவ் பேருந்து நிலையத்தில்
நானும் ஒரு பிளாஸ்டிக் கோப்பும்.
உள்ளே சிவப்பு அடையாள அட்டையின் மூன்று நகல்,
பிள்ளைகள் இருவரின் நீல அட்டை நகல்,
அறுபத்தொன்பதில் நான் பிறந்ததைப் பார்த்ததாக
தோட்டத்து லோரி ஓட்டிய சவரிமுத்து வைத்த கைநாட்டு.
அவர் பார்க்கவில்லை. அழுகை கேட்டாராம்.
அப்பா பதியப் போகவில்லை. அன்று சம்பள நாள்.

மூத்தவள் தர்வினி மூன்று வாரம் என்னைக் கேள்வி கேட்டாள்.
கொடியில் எத்தனை கோடு?
பதினாலு.
வெண்டைக்காய் நறுக்கும்போது
பதினாலாவது காயில் கை தானாக நின்றுவிடும்.

எனக்கு மலாய் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது.
மண்டோர் கொடுத்தது:
அங்காட், பொத்தோங், செப்பாட்.
தூக்கு, வெட்டு, சீக்கிரம்.
முப்பது வருஷம் உதிரிப் பழம் பொறுக்கியவளுக்கு
ஒரு மொழி முழுக்க ஏவல் வினையாகவே வந்து சேர்ந்தது.
மிச்சம் மீன்காரி ரொக்காயா கொடுத்தது.
அதில் விலை உண்டு, வம்பு உண்டு,
இறந்தகாலம் மட்டும் கிடையாது.
வங்காளதேசத்துப் பையன்களுக்கு நான்தான் வாத்தியார்.
பாம்பு என்றால் ஊலார், ஓடு என்றால் லாரி.
முதல் பாடமே அதுதான்.

சிரம்பானில் "செலாகானு" என்று கூப்பிட்டார்கள்.
இரண்டாம் தடவைதான் அது நான் என்று தெரிந்தது.
செல்லக்கண்ணுவுக்கு அட்டையில் கிடைத்த இடம் அவ்வளவு.

அதிகாரிக்குச் சின்ன வயது. மேசையில் பாதி குடித்த தே ஓ.
நாளிதழில் ஒரு பத்தியைக் காட்டினார்.
வெள்ளம், நிவாரணம், அரிசி மூட்டை.
கெர்ஜாசாமாவில் ஒருமுறை மூச்சு வாங்கி
முடித்துவிட்டேன்.
கொடியைப் பற்றிக் கேட்கவேயில்லை.
பதினாலும் தொண்டையில் அப்படியே நின்றது.

குடியுரிமை எதற்கு? என்றார்.
கீத்தா செமுவா லாஹிர் டி சினி, என்றேன்.
நாம் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள்.

அவர் முகத்தில் கோபமில்லை.
கீத்தா இல்லை, புவான். காமி.
கீத்தா என்றால் கேட்கிற என்னையும் சேர்த்துவிடுகிறீர்கள்.
தாளில் சின்னதாய் ஒரு கோடு போட்டார்.
பதினைந்தாவது.

ஐயா,
தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் இருந்தவள் நான்.
நாங்கள் வேறு, நாம் வேறு.
நாங்கள் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உண்பது.
நாம் என்றால் வாசலில் நிற்பவருக்கும் ஒரு தட்டு.
உங்கள் மொழியும் என் மொழியும்
இந்த ஒரு வாசலில் ஒரே மாதிரி.
தெரிந்துதான் சொன்னேன்.
நீங்களும் இங்கேதானே பிறந்தீர்கள்?

இத்தனையும் தமிழிலேயே நின்றுவிட்டது.
வாயில் வந்தது: மாஆப், துவான்.

துங்கு சூராட், என்றார். கடிதம் வரும், காத்திருங்கள்.
துங்கு நான் நன்றாக அறிந்த சொல்.
முதல் மனு போட்டபோது தர்வினி வயிற்றில்.
இது மூன்றாவது.
ஒரு குறிலை நீட்டினால் தூங்கு ஆகிவிடும்;
எனக்குத் துங்கு,
கோப்புக்குத் தூங்கு.

கோலப்பிலா தாண்டி
செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னால் ஊர்ந்தது.
பேருந்து முந்த முடியாமல் முனகியது.
அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
என் அட்டையின் சிவப்பைவிட அது நல்ல சிவப்பு.
அப்போதுதான் வந்தது, காலையில் வராத சொல்.
செங்காஜா.
வேண்டுமென்றே.

பக்கத்து இருக்கை மலாய்ப் பையன்
காதில் செருகியிருந்ததைக் கழற்றி
என்ன ஆண்ட்டி? என்றான்.
சாயா செங்காஜா, என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.
சரியாகத்தான் வந்தது.